இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு

கார் வாங்கிய பிறகு உரிமையாளர் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ், ஸ்டெபிலைசர் பார் முதலிய சஸ்பென்ஷன் பாகங்கள் ஆஃப்டர் மார்க்கெட் பாகங்கள் என்ற பெயரால் வழங்குகின்றன. இவற்றை மாட்டிக்கொண்டவர்கள், வண்டி ‘டைட்’டாகிவிட்டது என்றும், ஸ்டீயரிங்கைத் தொட்ட கணத்தில் திரும்புகிறது என்றும், வளைவில் முன்போல் சாய்வதில்லை என்றும் மகிழ்ந்து சொல்வதுண்டு. அந்த உணர்வு பொய்யன்று. ஆனால் அதற்குக் காரணமான இறுக்கமும், டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பும் வெவ்வேறானவை என்பதும், முன்னதைக் கூட்டும்போது பின்னது குறைந்துவிடக்கூடும் என்பதும், பாகங்களை விற்கும் இடத்தில் அரிதாகவே பேசப்படுகின்றன.

சஸ்பென்ஷனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. சாலையின் மேடுபள்ளம் பயணியின் முதுகெலும்பு வரை ஏறாமல் தடுப்பது ஒன்று. அதே மேடுபள்ளத்தின்மீது ஒவ்வொரு டயரும் எழும்பித் தவிக்காமல், கூடியவரை சீரான அழுத்தத்துடன் தரையில் பதிந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது மற்றொன்று. ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர், தனக்குள் இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிழிந்து, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. புஷ்களும் ஆர்ம்களும் சக்கரம் எந்தப் பாதையில் மேலும் கீழும் நகர வேண்டும் என்பதை முடிவுசெய்கின்றன. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய ஹாட்ச்பேக் கார்களில் மிகப் பெரும்பான்மையானவை ஒரே அமைப்பைக் கொண்டவை: முன்புறத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைத்து முறுக்கத்துக்கு இடம்கொடுக்கும் டார்ஷன் பீம். இனி வருவன எல்லாம் இந்த வகைக் காரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

ஸ்பிரிங்கின்மேல் அமர்ந்திருக்கும் வண்டி உடலுக்கு, ஊஞ்சலுக்கு இருப்பதுபோலவே, இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடுகிறது என்ற இந்தக் கணக்கை இயல்பதிர்வெண் என்பர். வண்டியின் எடையைத் தாங்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதை மட்டும் கொண்டே இதைக் கணக்கிட்டுவிடலாம்: 25 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஓர் ஆட்டம், 11 சென்டிமீட்டர் அமுங்கினால் ஒன்றரை, 6 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால் ஏறக்குறைய இரண்டு. குடும்பத்தினர் பயணம் செய்யும் கார்களை நொடிக்கு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் வைக்கவே வடிவமைப்பாளர்கள் விரும்புகிறார்கள். மனித உடல், குறிப்பாக வயிற்றுப் பகுதி, நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான செங்குத்து அதிர்வைத்தான் மிகவும் வெறுக்கிறது. ஸ்பிரிங் இறுகஇறுக இயல்பதிர்வெண் மேலேறி அந்த எல்லையை நெருங்குவதோடு, அந்த எல்லையில் சாலையிலிருந்து வரும் அதிர்வுகளை வடிகட்டும் திறனும் குறைந்துகொண்டே போகிறது. நீண்ட பயணத்தின் முடிவில் காரணம் தெரியாத அசதியாக வெளிப்படுவது பெரும்பாலும் இதுவே.

இந்தக் கணக்கில் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள உறவு தனிப்பட்ட முக்கியத்துவம் உடையது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திலிருந்து 1930-இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலப் பொறியாளர், முன்னும் பின்னும் எடைகளை இடம்மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரை அமைத்து, அதில் ஆட்களை ஏற்றி ஓட்டி, எந்த ஏற்பாட்டில் பயணம் இதமாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். அக்காலக் கார்களில் முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட இறுக்கமாக இருந்தது. ஆலி அதைத் தலைகீழாக்கி, முன்புறம் மெதுவாகவும் பின்புறம் சற்று விரைவாகவும் ஆட வேண்டும் என்று காட்டினார். காரணம் எளிது. 2.45 மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மேட்டைக் கடந்தால், முன்சக்கரம் ஏறிய பிறகு பின்சக்கரம் ஏறுவதற்கு நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் ஆகிறது; தாமதமாகத் தொடங்கிய பின்புறம் சற்று விரைந்து ஆடினால், ஓர் ஆட்டம் முடிவதற்குள் முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும்; வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டாமல் மட்டமாக ஏறி மட்டமாக இறங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் 1934-இல் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனைப் பெற்றதன் பின்னணியில் இந்த ஆய்வுகள் இருந்தன. செலவைக் குறைப்பதற்காக முன் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமையாளர், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்க்கப்பட்ட தலையாட்டத்தைத் தம் காருக்குத் திரும்பக் கொண்டுவருகிறார்.

மிகுதியாக விற்பனையாகும் ஆஃப்டர் மார்க்கெட் பாகங்களில் ஒன்று, வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங். இவை கம்பெனி ஸ்பிரிங்கைவிட 30 அல்லது 35 மி.மீ. தாழ்வாகவும், ஓரளவு இறுக்கமாகவும் இருக்கும். இதில் உள்ள சிக்கல், சக்கரம் மேலேறுவதற்கு மிச்சமிருக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. சக்கரம் மேலே நகர 80 மி.மீ. இடம் இருந்த ஒரு காரை 35 மி.மீ. தாழ்த்தினால், மிஞ்சுவது 45 மி.மீ.; ஒரு பள்ளத்தின் தாக்குதலை 80 மி.மீ. தூரத்தில் உள்வாங்கிய ஸ்பிரிங், அதே தாக்குதலை 45 மி.மீ. தூரத்துக்குள் உள்வாங்க வேண்டுமானால் மூன்று மடங்குக்கும் மேல் இறுக்கமாக இருந்தாக வேண்டும். எந்த நிறுவனமும் அப்படி ஒரு ஸ்பிரிங்கைச் சாலைக் காருக்கு விற்பதில்லை, விற்றால் அதில் அமர்ந்து போக முடியாது. ஆகவே மீதித் தாக்குதலைப் பம்ப் ஸ்டாப் என்ற, ஸ்ட்ரட்டின் தண்டில் கோத்திருக்கும் ரப்பர் அல்லது நுரைத் தடுப்பு வாங்கிக்கொள்கிறது. அது அமுங்கத் தொடங்கியதும் ஸ்பிரிங்கின் இறுக்கம் ஒரே கணத்தில் பலமடங்காகிறது. வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்து அவ்வாறு நேருமானால், அந்தச் சக்கரத்தின்மேல் சுமை திடீரென ஏறி, டயர் பிடிப்பை இழந்து வெளிப்பக்கமாக ஒரு தாவு தாவுகிறது. ஓட்டுநர் இதை ‘ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது’ என்று எண்ணிக்கொள்கிறார்; உண்மையில் அந்தக் கடினம் பம்ப் ஸ்டாப்பினுடையது.

வேகத்தடைகளும் இதே கணக்கில் வருகின்றன. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்ட மென்மையான மேடாக வேகத்தடை வரையறுக்கப்பட்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத்தக்கதாக அது எண்ணப்பட்டது. தெருக்களில் உண்மையில் இருப்பவற்றில் பல, இந்த அகலத்தில் கால்பங்குகூட இல்லாமல், உயரத்தில் மட்டும் அதை மிஞ்சி நிற்பவை. 165 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள காரே ஐவர் ஏறியதும் அடிப்பாகம் உரசும் இடங்களில், அதை 130 மி.மீ. ஆக்கியவர் ஒவ்வொரு தடையையும் குறுக்காக, சக்கரம் சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது.

தாழ்த்தப்பட்ட கார் வளைவில் நன்றாக நிற்கும் என்ற நம்பிக்கையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கார் திரும்பும்போது, உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை இடம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பவை வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவில் செல்லும் வேகம் ஆகியவை மட்டுமே. ஸ்பிரிங்கின் இறுக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. இறுக்கமான ஸ்பிரிங் சாய்வின் கோணத்தைக் குறைக்கிறது, சுமை இடம்மாறும் வேகத்தைக் கூட்டுகிறது, அதனால் ஸ்டீயரிங்குக்கு வண்டி விரைந்து பதில் சொல்கிறது; இடம்மாறும் சுமையின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்தில் இருந்த காரை 30 மி.மீ. தாழ்த்தினால் கிடைக்கும் ஆதாயம் ஐந்தரை விழுக்காட்டுக்கு உள்ளேயே நின்றுவிடும்.

அந்தச் சிறு ஆதாயத்தையும் மெக்பர்சன் அமைப்பு திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடும். சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், கம்பெனி உயரத்தில் ஏறக்குறைய மட்டமாகவோ, சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ இருக்கும். வண்டியைத் தாழ்த்தியதும் அதன் உள்முனை கீழே இறங்கி, வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. வண்டி உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், இந்தச் சாய்வினால் ஈர்ப்பு மையம் இறங்கியதைக் காட்டிலும் அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரமே வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் என்பதால், தாழ்த்தப்பட்ட வண்டி சாய்வதற்கான விசை முன்னைவிடக் கூடுகிறது. புதிய ஸ்பிரிங்கின் கூடுதல் இறுக்கத்தில் ஒரு பகுதி இந்தப் புதிய குறையை ஈடுகட்டவே செலவாகிறது. மேலும், வளைவில் அமுங்கும் வெளிச்சக்கரம் உள்பக்கம் சாய்ந்து டயரின் முழு அகலத்தையும் தரையில் பதிக்க வேண்டும் என்பதற்காக அமைந்த கேம்பர் மாற்றம், ஆர்ம் ஸ்ட்ரட்டுக்குச் செங்கோணமான நிலையைத் தாண்டியதும் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறிவிடுவதால், சக்கரம் மேலும் கீழும் நகரும்போதெல்லாம் தானே சிறிது திரும்பிக்கொள்கிறது. நேர்ச்சாலையின் மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங்கைச் சற்றும் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது.

லோயரிங் ஸ்பிரிங்குக்குச் செலவிட மனமில்லாதவர்களுக்காகக் கம்பெனி ஸ்பிரிங்கையே வெட்டிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உள்ளது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது 20 விழுக்காடு இறுகிவிடும் என்பது ஒரு புறமிருக்க, கேஸ் கட்டரால் வெட்டும்போது அந்த வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுக்கிறது; வெட்டிய முனை தன் தட்டில் முழுமையாக அமராமல், சக்கரம் தொங்கும்போது இடம் நழுவுகிறது. இந்தப் பழக்கத்துக்குச் சார்பாகச் சொல்ல எதுவுமில்லை.

அதற்கு நேர்மாறான நோக்கத்தோடு பொருத்தப்படுவது ஸ்பிரிங் பஃபர். சுருள்களின் இடைவெளியில் செருகப்படும் இந்த ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வளையம், வண்டியை உயர்த்தும், அடிபடாமல் காக்கும், பயணத்தையும் மென்மையாக்கும் என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. முதல் இரண்டும் ஓரளவு உண்மை. மூன்றாவது இயற்பியலுக்கு ஒவ்வாதது. பஃபர் செருகிய சுற்று அமுங்க இயலாமல் கட்டுண்டுவிடுவதால், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை குறைகிறது. சுற்று குறைந்த ஸ்பிரிங் இறுகத்தான் செய்யும். பூட்டில் சிஎன்ஜி சிலிண்டரைச் சுமந்து பின்புறம் எப்போதும் தாழ்ந்தே ஓடும் வாடகைக் கார்களில் இதன் பயனை மறுக்க முடியாது என்றாலும், அங்கும் அந்தச் சுமைக்கென்றே செய்யப்பட்ட ஸ்பிரிங்தான் சரியான விடை. சில மாதங்கள் ஓடிய பஃபரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே புகுந்த மணலும் சேறும் உப்புத்தாள்போல் தேய்த்து, சுருளின் பெயின்ட் உரிந்து, அந்த இடத்தில் துரு வளையமாகப் படிந்திருப்பதைக் காணலாம். ஸ்பிரிங்கின் விரிசல்கள் இத்தகைய புள்ளிகளிலிருந்தே தொடங்குகின்றன.

இவையனைத்திலும் அதிகக் கவனம் பெற வேண்டியது ஷாக் அப்சார்பர். பெறுவதோ குறைந்த கவனம், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எந்த மாற்றத்தையும் காட்டுவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எவ்வளவு விரைவில் அடக்குகிறது என்பதைத் தணிப்பு விகிதம் என்ற எண்ணால் குறிப்பர். அந்த எண் ஒன்றானால் வண்டி ஒருமுறைகூட ஆடாமல் அப்படியே நிலைக்கு வந்து நிற்கும், சாலைக் கார்களில் அது ஏறக்குறைய 0.2 முதல் 0.4 வரை வைக்கப்படுகிறது. பழைய ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மட்டும் ஒன்றரை மடங்காக்கினால், இந்த விகிதம் 18 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அதாவது, இறுக்கமான ஸ்பிரிங் மாட்டிய கார் சாய்வது குறைந்தாலும், ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் முன்னைவிட அதிக முறை துள்ளிய பிறகே அடங்குகிறது. துள்ளும் நேரம் முழுவதும் டயரின் பிடிப்பு கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது தரும் எதிர்ப்பைவிட விரியும்போது தரும் எதிர்ப்பு பெரும்பாலான கார்களில் அதிகமாக வைக்கப்படுகிறது. திருகி மாற்றக்கூடிய வகை ஷாக் அப்சார்பரில் விரியும் எதிர்ப்பை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால், நெடுஞ்சாலைச் சந்திப்புகளுக்கு முன் வரிசையாக ஒட்டியிருக்கும் மெல்லிய வெண்பட்டைகளின்மேல் நடப்பதைக் கவனிக்கலாம்: முதல் பட்டையில் சக்கரம் மேலேறுகிறது, அது முழுதும் கீழிறங்குவதற்குள் இரண்டாவது பட்டை வந்துவிடுகிறது, மூன்றாவது, நான்காவது என்று தொடரத்தொடர வண்டி உடல் படிப்படியாகக் கீழே இழுக்கப்பட்டு, கடைசிப் பட்டைகளை ஏறக்குறைய பம்ப் ஸ்டாப்பின்மேல் அமர்ந்தபடியே கடக்கிறது. பிரேக் பிடிக்க வேண்டிய அந்த இடத்திலேயே டயர்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுகின்றன.

நல்ல ஷாக் அப்சார்பர் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே நிற்பதற்குப் பல உள்ளமைப்புகள் உருவாயின. பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்போன் 1950-களில் உருவாக்கிய ஒற்றைக்குழாய் வகையில், மிதக்கும் பிஸ்டன் ஒன்று அழுத்தமேற்றிய வாயுவை எண்ணெயிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்துப்போகும் குறை இதில் இல்லாததால், நீண்ட நேரம் மோசமான சாலையில் ஓடிச் சூடேறினாலும் அதன் எதிர்ப்பு குன்றுவதில்லை. ஜெர்மனியின் பில்ஸ்டீன் இந்த வகையால் புகழ்பெற்றது; நெதர்லாந்தின் கோனி திருகி மாற்றும் வகைக்குப் பெயர்பெற்றது. இவற்றின் விலை பெரிது. தரமும் அதற்குத் தக்கதே. ஆயினும் எழுபது, எண்பது ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் புதிய கிட் ஒன்றை மாட்டியவர் அடையும் மகிழ்ச்சியில் பெரும்பகுதி, அந்தக் கிட்டின் சிறப்பைவிட, கழற்றி எறியப்பட்ட ஷாக் அப்சார்பர்கள் செத்துப்போயிருந்தன என்பதால் விளைவதே. ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய் கசிந்து அதன்மேல் புழுதி பசைபோல் ஒட்டியிருந்தாலோ, டயரின் சுற்றுப்பரப்பை உள்ளங்கையால் தடவும்போது மேடும் குழியுமாக மாறிமாறித் தட்டுப்பட்டாலோ, எந்த மேம்பாட்டையும் எண்ணுவதற்கு முன் கம்பெனி அளவிலேயே புதிய ஷாக் அப்சார்பர்களையும் அவற்றின் மேல் மவுன்ட்களையும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது அறிவுடைமை. அதன் பிறகு லோயரிங் ஸ்பிரிங்குக்கான ஆசை பலருக்குத் தணிந்துவிடும்.

ஸ்டெபிலைசர் பார் இரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. இரண்டும் ஒன்றாக ஏறும்போது சும்மா இருந்து, ஒன்று மட்டும் ஏறும்போதும் வண்டி சாயும்போதும் எதிர்க்கிறது. அதன் இறுக்கம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் 46 விழுக்காடு உயர்கிறது. முன்புறம் மட்டும் தடித்தால், ஏற்கெனவே முன்சக்கரம் வெளியே வழுக்கிச் செல்லும் இயல்புடைய முன்சக்கர இயக்கக் காரில் அந்த இயல்பு முற்றும். பின்புறம் அளவுக்கு மீறித் தடித்தால், மழை நாளில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்ட கணத்தில் பின்பகுதி வீசிக்கொண்டு வரும்.

புஷ்ஷைப் பொறுத்தவரை, ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடுவதன் நன்மை ஸ்டீயரிங்கின் துல்லியத்தில் தெரிகிறது. விலை சத்தத்திலும் அதிர்விலும் செலுத்தப்படுகிறது. லோயர் ஆர்மின் பின்புற ரப்பர் புஷ் வேண்டுமென்றே மெத்தென்று செய்யப்படுகிறது, ஏனென்றால் பள்ளத்தின் விளிம்பில் மோதும் சக்கரம் சிறிது பின்னோக்கி நகர்ந்து அந்த அடியை விழுங்க அதுதான் இடம்கொடுக்கிறது. அதை இறுக்கியவர், ஸ்பிரிங்கைத் தொடாமலேயே பயண இதத்தைப் பறிகொடுக்கிறார்.

பெரிய அலாய் வீல் சஸ்பென்ஷன் பாகமாக எண்ணப்படுவதில்லை, எண்ணப்பட வேண்டும். 165/80 அளவுள்ள 14 அங்குல டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ. உயரம், அதே மொத்த விட்டத்தில் 195/55 அளவுள்ள 16 அங்குல டயருக்கு மாறினால் அது 107 மி.மீ. ஆகிறது. சாலையின் முதல் அடியை வாங்கும் காற்று மெத்தையில் 25 மி.மீ. போய்விடுகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் பொதுவாகக் கூடுவதால், அந்த எடையை அடக்கும் பொறுப்பு மறுபடியும் ஷாக் அப்சார்பரின் தலையிலேயே விழுகிறது.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்புடன் வலியுறுத்தியது. அதே அளவிலான மாற்று ஷாக் அப்சார்பரும், வண்டியின் உயரத்தையே மாற்றும் கிட்டும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒன்றல்ல. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக் கோரிக்கையை ஆராய வரும் சர்வேயர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுவதில்லை.

எந்தப் பாகத்தை மாற்றினாலும், பட்டறையில் அவசரத்தால் பிழையாக முடிக்கப்படும் ஒரு வேலை உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை முழுவதுமாக முறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கிய நிலையையே தன் இயல்பு நிலையாகக் கொண்டு இறுகிவிடும். வண்டி தரையில் இறங்கியது முதல் அது ஓயாமல் முறுகியபடியே இருந்து, சில மாதங்களில் கிழிந்துபோகும். நான்கு சக்கரமும் தரையில் பதிந்து, வண்டி தன் எடையோடு நிற்கும்போதுதான் அந்த போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்க வேண்டும். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னும் சில மில்லிமீட்டர் அமர்வதால், வீல் அலைன்மென்ட்டைப் பொருத்திய அன்றே ஒருமுறையும், ஸ்பிரிங் அமர்ந்த பிறகு மறுமுறையும் பார்க்க வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரத்தையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.